766 பக்கத்துக்கு 138 நிமிடம்: ஹாரி பாட்டர் படங்கள் புத்தகத்தை எங்கே விட்டன?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

பேரன் வேனல் லீவுக்கு வந்திருக்கிறான். ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களையும் படித்து முடித்துவிட்டான், இனி படம் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். சரி என்று ராத்திரிக்கு ஒன்றாக எட்டுப் படங்களையும் போட்டோம். நான்காவது ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டான், "டாபி எப்போ வருவான் தாத்தா?" இரண்டாம் படத்தில் வந்த வேலைக்காரக் குட்டிப் பூதத்தைக் கேட்கிறான். வருவான், பார் என்றேன். படம் முடிந்தது, டாபி வரவில்லை. ஐந்தாவதிலும் வரவில்லை, ஆறாவதிலும் வரவில்லை. வீட்டில் இப்போது நான்தான் பொய்யன்.

அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டாம் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 251 பக்கம், படம் 161 நிமிடம். எட்டில் நீளமான படம் அதுதான். ஐந்தாம் புத்தகம் 766 பக்கம், ஏழில் தடிமனானது. படமோ 138 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்றரைப் பக்கம் என்று நடந்துகொண்டிருந்தவர்கள் ஐந்தரைப் பக்கம் என்று ஓட ஆரம்பித்தால் வழியில் எத்தனை பேர் விழுவார்கள்?

கிறிஸ் கொலம்பஸ் எடுத்த முதல் இரண்டு படங்களும் புத்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தன. 2004-இல் மூன்றாம் படத்துக்கு அல்ஃபோன்சோ குவாரோன் வந்து கையை உதறினார். அடுத்து மைக் நியூவெல் ஒன்று, டேவிட் யேட்ஸ் நான்கு. யாரும் அந்தக் கையை மறுபடி பிடிக்கவில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

சித்தூர் எடிட்டர்:

மறுக்கிறேன் மாஷே. நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவள். இரண்டு நாள் கல்யாணம், மூன்று கேமரா என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஃபுட்டேஜ் வரும். சில வீட்டுக்காரர்கள் ஒன்றையும் வெட்டக் கூடாது என்பார்கள். மாமா வந்தது, மாமா உட்கார்ந்தது, பந்தியில் மாமாவுக்கு ரசம் ஊற்றியது, எல்லாம் வேண்டும். கொடுப்பேன். வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைப்பார்கள். இரண்டாம் முறை போட்டுப் பார்த்த வீட்டை நான் கண்டதில்லை.

முதல் இரண்டு படங்களும் எனக்கு அந்த மாதிரி. எல்லாரும் வந்திருக்கிறார்கள், எல்லாரும் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். சினிமா மூன்றாம் படத்தில்தான் தொடங்குகிறது. அந்த அடிக்கிற மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குருவி பக்கத்தில் பறக்கிறது, மரம் ஓர் அடி, குருவி காலி. இன்னொரு முறை மொத்த இலையையும் உதிர்க்கிறது. இன்னொரு முறை பனியை நாய் தண்ணீர் உதறுகிற மாதிரி உதறுகிறது. ஒரு கல்வியாண்டு ஓடிப்போனதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லியாகிவிட்டது. அதுவும் 142 நிமிடத்தில். அதுவரை வந்த மூன்றில் அதுதான் சின்னது.

பிள்ளைகள் சொந்தச் சட்டை போட்டுக்கொண்டு திரிவதும் அதில்தான். அதற்கு முன் யூனிஃபார்மைப் பெட்டி போட்டுத் தேய்த்த மாதிரி இருப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

மரத்தை ஒப்புக்கொள்கிறேன். குருவிக்காக வருத்தப்படவும் செய்தேன்.

ஆனால் அந்தப் படத்திலேயே பெரிய ஓட்டை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்று ஹாரி கைக்கு வருகிறது. அதை வரைந்தவர்கள் நான்கு பேர், புனைபெயர் போட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் அந்த நால்வர் யார் என்று தெரியும்போதுதான் கதையே திரும்பும். லூபின், பீட்டர், சிரியஸ், ஹாரியின் அப்பா ஜேம்ஸ். ஓநாயாக மாறும் நண்பன் லூபினைத் தனியே விடக் கூடாது என்று மற்ற மூவரும் மிருகமாக மாறக் கற்றுக்கொள்கிறார்கள். ஜேம்ஸ் மாறியது கலைமானாக. அதனால்தான் ஹாரி மந்திரம் போட்டால் வெள்ளியாய் ஒரு கலைமான் வருகிறது. செத்துப்போன அப்பா மகனுக்குக் காவலாக வந்து நிற்கிறார்.

படத்தில் மான் வருகிறது, பளபளவென்று வருகிறது. ஏன் மான்? சொல்லவே இல்லை. ஆட்டுக்குட்டி வந்திருந்தாலும் அதே கதைதான். இரண்டு வாக்கியம் போதும் அதைச் சொல்ல. குருவியை அடிக்க நேரம் இருந்தது, இதற்கு இல்லையா?

சித்தூர் எடிட்டர்:

அது தப்புதான். அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். வெட்டலாம், வெட்டினால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அங்கே தைக்கவில்லை.

வேலந்தாவளம் டெம்போ:

நடுவில் பேசுவதற்கு மன்னிக்கணும். நான் புத்தகம் ஒன்றுகூடப் படித்ததில்லை. காய்கறி லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் போனில் எட்டுப் படத்தையும் பார்த்தவன். மான் ஏன் வந்தது என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. ஏரிக்கரையில் அந்த வெளிச்சம் வந்தபோது மயிர் கூச்செறிந்தது. அது போதாதா மாஷே?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

போதும் என்றால் போதும். ஆனால் இப்போது காரணம் தெரிந்துவிட்டதே, எப்படி இருக்கிறது?

வேலந்தாவளம் டெம்போ:

இப்போதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. என் அப்பாவும் இல்லை.

நகரி தறி:

வணக்கம். சித்தூர் என்று பார்த்ததும் எங்கள் பக்கத்து ஆள் என்று உள்ளே வந்துவிட்டேன். நகரிக்காரனுக்குச் சித்தூர் என்றால் ஆந்திரச் சித்தூர்தான். பாலக்காட்டிலும் ஒரு சித்தூர் இருப்பது மறந்துபோயிற்று. வந்தது வந்தாயிற்று, என் பெண் இந்தப் புத்தகங்களில் பைத்தியம், அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் பாதி மனப்பாடம். அதனால் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் 18 நாள் பாரதம் நடக்கும். பகலில் ஒருவர் உட்கார்ந்து கதையை வரிசையாகச் சொல்லுவார். ராத்திரி அதே கதை கூத்தாக நடக்கும். கூத்தில் முழுக் கதையும் வராது. பகடை ஆட்டம் வரும், துகில் உரிதல் வரும், அர்ச்சுனன் தபசு வரும். நடுவில் உள்ளதை யாரும் கேட்பதில்லை, பகலில் கேட்டாயிற்று. எனக்குப் புத்தகம் பகல், படம் ராத்திரி. ராத்திரி வந்து பகலைக் கேட்டால் எப்படி?

சித்தூர் எடிட்டர்:

நகரி அண்ணா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

அவசரப்படாதே. டெம்போக்காரர் பகலில் வரவில்லை, நேராக ராத்திரி வந்தவர். அவரைப் போல எத்தனை கோடிப் பேர்?

எங்கள் பக்கத்துக் கூத்தையும் சொல்கிறேன். பாலக்காட்டில் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து உண்டு. கூத்துமாடத்தில் திரை கட்டி, வரிசையாக 21 விளக்கு ஏற்றி, தோல்பாவைகளை ஆட்டிக் கம்பராமாயணம் சொல்லுவார்கள். பாட்டு கம்பனுடைய தமிழ், விளக்கம் மலையாளமும் தமிழும் கலந்து வரும். ஒரு பாட்டுக்குப் புலவர் பேச ஆரம்பித்தால் விளக்கில் எண்ணெய் தீர்ந்தாலும் பேச்சு தீராது. எதிரே ஓர் ஆள் இல்லாத இரவுகூட உண்டு. தாரிகன் என்ற அசுரனோடு சண்டைக்குப் போனதால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்காமல் விட்ட பகவதிக்காகத்தானே ஆடுகிறார்கள்! மூலத்தை விரித்துச் சொல்வது எங்கள் வழக்கம். சுருக்கிவிட்டுக் கலை என்று பெயர் வைப்பது இல்லை.

சித்தூர் எடிட்டர்:

மாஷே, 21 இரவும் ஆடுவார்கள், சில கோயிலில் ஏழே இரவில் முடிக்கவும் செய்வார்கள். ஏழு இரவில் முடித்த கோயிலில் பகவதி பணத்தைத் திருப்பிக் கேட்டாளா?

அப்புறம் கம்பன். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பன் அதைச் சகிக்க மாட்டாமல் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்துத் தூக்க வைத்தான். நாற்பது வருடம் வகுப்பில் அதைச் சொல்லிக் கம்பனை மெச்சியிருப்பீர்கள். குவாரோன் மாற்றினால் கையை உதறினான் என்கிறீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

முப்பத்து நான்கு வருடம். கணக்கு சரியாக இருக்கட்டும்.

கம்பன் மாற்றினான், ஆனால் மாற்றியதற்குப் பின்னால் ஒரு மனசு இருக்கிறது. மாற்றிய இடத்தில் மூலத்தைவிட ஒரு படி ஏறினான். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏறினார்களா, இறங்கினார்களா என்றுதான் கேட்கிறேன்.

மூணாறு எஸ்டேட்:

மாஷே, சேச்சி, நான் காலேஜ் இரண்டாம் வருடம். லயத்து வீட்டில், மழைக்காலத்தில் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவள். யாரும் ஹாரியின் நண்பன் ரானைப் பற்றிப் பேசாதது வருத்தமாக இருக்கிறது.

முதல் புத்தகத்தில் ஹாரி, ரான், அவர்கள் தோழி ஹெர்மாயனி மூன்று பேரும் ஒரு கொடிக்குள் மாட்டிக்கொள்வார்கள். ஹெர்மாயனிக்கு நெருப்பு மூட்ட வேண்டும் என்று தெரியும், ஆனால் பதற்றத்தில் விறகு இல்லையே என்று கையைப் பிசைவாள். நீ சூனியக்காரிதானே என்று ரான் கத்துவான். படித்த பிள்ளை பதறுவதும், படிக்காத பையன் அவளை உலுக்குவதும் எவ்வளவு நிஜம்! படத்தில் அவள் நிதானமாக எல்லாம் சொல்கிறாள், ரான்தான் அலறுகிறான். மூன்றாம் புத்தகத்தில் கால் முறிந்த நிலையிலும் ரான் எழுந்து நின்று, ஹாரியைக் கொல்ல வேண்டுமானால் எங்களையும் கொல்ல வேண்டும் என்பான். படத்தில் அந்த வசனமும் ஹெர்மாயனிக்குப் போய்விட்டது. ரான் காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான்.

எட்டில் ஏழு படத்துக்குத் திரைக்கதை ஸ்டீவ் க்ளோவ்ஸ். ஐந்தாவது மட்டும் மைக்கேல் கோல்டன்பெர்க். ஒரே ஆள் ஏழு முறை எழுதும்போது அவருக்குப் பிடித்த பிள்ளைக்கே பந்தியில் எல்லாப் பாயசமும் போகிறது. இதற்கு நேரம் போதாமை காரணமே இல்லை. வசனம் அங்கேயேதான் இருக்கிறது, வாய் மட்டும் மாறியிருக்கிறது.

சித்தூர் எடிட்டர்:

இது நல்ல அடி. ஹெர்மாயனி அம்மா அப்பாவின் நினைவிலிருந்து தன்னை அழிக்கும் காட்சியை மட்டும் எனக்கு விட்டுக்கொடு. புத்தகத்தில் பின்னால் பேச்சுவாக்கில் சொல்லுவாள். ஏழாவதன் முதல் பாகத்தில் படமே அவளிடமிருந்துதான் சூடு பிடிக்கிறது. பின்னால் நின்று மந்திரக்கோலை நீட்டுகிறாள், சுவரில் இருக்கும் ஒவ்வொரு போட்டோவிலிருந்தும் அவள் உருவம் கரைந்து போகிறது. ஒரு நிமிடம் இருக்குமா? போட்டோ ஆல்பம் செய்கிற தொழிலில் இருப்பதாலோ என்னவோ, அதை என்னால் முழுதாகப் பார்க்க முடியாது. மாஷ் கேட்ட ஏறுவது என்றால் அதுதான்.

மூணாறு எஸ்டேட்:

அது உங்களுக்கே சேச்சி. நானும் அழுதேன்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

டாபிக்கு வருகிறேன், இல்லாவிட்டால் பேரன் விட மாட்டான்.

இரண்டாம் கதையில் ஒரு காலுறை கிடைத்து விடுதலையாகிற வேலைக்காரக் குட்டிப் பூதம். நான்காம் புத்தகத்தில் பள்ளிச் சமையலறையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் வாரம் பத்து காலியன் பொற்காசு தருகிறேன், சனி ஞாயிறு லீவு என்கிறார். டாபி பேரம் பேசிக் குறைக்கிறான்! வாரம் ஒரு காலியன், மாதம் ஒரு நாள் லீவு போதும் என்கிறான். அடிமையாகவே இருந்தவனுக்குச் சுதந்திரம் பழக எவ்வளவு நாள் ஆகிறது பாருங்கள். ஏரிக்கடியில் மூச்சு விட ஹாரிக்குச் செடி கொண்டுவந்து கொடுப்பவன் அவன். ஐந்தாவதில் ரகசிய அறையைக் காட்டுவதும் அவன். படத்தில் இரண்டு வேலையையும் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் பார்க்கிறான். ஆறாவதில் ஹாரியின் எதிரி மால்ஃபாயைப் பின்தொடர்வான், படத்தில் அதுவும் இல்லை.

பிறகு 2010-இல் ஏழாவதன் முதல் பாகத்தில் திடீரென்று வருகிறான், கத்தி பாய்ந்து கடற்கரையில் சாகிறான், அழுங்கள் என்கிறது இசை. எட்டு வருடம் திரையில் இல்லாதவனுக்கு எதை வைத்து அழுவது?

சித்தூர் எடிட்டர்:

நெவிலுக்குக் கொடுத்தது சும்மா இல்லை மாஷே. கடைசியில் வில்லன் வோல்டமார்ட்டின் பாம்பை வெட்டப் போகிறவன் அவன். எங்கேயாவது அவனுக்கு நாலு வேலை கொடுத்து வளர்க்க வேண்டாமா? இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருவனுக்குக் கொடுப்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

தாங்கள் செய்தது அவர்களுக்கே உறைத்திருக்கிறது. ஏழாவதில் மண்டங்கஸ் என்ற திருடனைப் பிடித்துக்கொண்டு வருவது புத்தகத்தில் கிரீச்சர் என்ற இன்னொரு வேலைக்காரப் பூதம் தனியாக. படத்தில் டாபியையும் சேர்த்து அனுப்பினார்கள். சாவதற்கு முன்னால் ஒரு முறையாவது முகத்தைக் காட்டிவிடலாம் என்று.

வேலந்தாவளம் டெம்போ:

மாஷே, நான் அழுதேன். கோபாலபுரம் பக்கம் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். மந்திரம் இல்லாமல் மண்வெட்டியால் ஹாரி குழி தோண்டுகிறானே, அங்கே.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

அப்படியா. அப்போது என் வாதம் விழுந்துவிட்டது.

வேலந்தாவளம் டெம்போ:

ஒன்று சொல்லட்டுமா, சிரிக்கக் கூடாது. அது இரண்டாம் படத்தில் வந்த அதே டாபி என்று எனக்குத் தெரியாது. அந்த ஜாதியில் வேறொன்று என்று நினைத்தேன். இங்கே படித்துத்தான் தெரிகிறது.

சித்தூர் எடிட்டர்:

இது யாருக்குப் பாயிண்ட்?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

எனக்கு.

நகரி தறி:

எடிட்டர் அம்மாவுக்கு. யாரென்று தெரியாமலே அழ வைத்திருக்கிறார்கள் அல்லவா!

மூணாறு எஸ்டேட்:

இதில் ஒரு நியாயத்தையும் பார்க்க வேண்டும். படம் எடுத்தவர்களுக்கே கதை முழுதாகத் தெரியாது. முதல் படம் 2001, கடைசிப் புத்தகம் 2007 ஜூலை. ஐந்தாம் படம் தியேட்டருக்கு வந்ததும் அதே மாதம். அதாவது ஐந்து படம் முடியும் வரை முடிவைப் படிக்காமலே வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதில் கிரீச்சரைத் தூக்கிவிடப் பார்த்தார்கள், புத்தகம் எழுதிய ரௌலிங்தான் வேண்டாம், பின்னால் தேவைப்படும் என்று தடுத்தார். அவர் சொல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். சிரியஸ் ஹாரிக்குக் கொடுக்கும் கண்ணாடி ஐந்தாம் புத்தகத்தில் இருக்கிறது, படத்தில் இல்லை. ஏழாவதில் அதன் உடைந்த துண்டு ஹாரி கையில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று புத்தகம் படித்தவர்கள் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

இது நான் யோசிக்காதது. எந்த விதை எப்போது முளைக்கும் என்று தெரியாமல் களை பறித்திருக்கிறார்கள். சரி, 2007 வரைக்கும் மன்னித்தேன்.

அதற்குப் பிறகு? ஆறாம் படம் 2009. முழுக் கதையும் கையில் இருக்கிறது. வோல்டமார்ட்டின் அம்மா மெரோப், அவள் குடும்பம், அந்த வறுமை, அந்த வெறி, அத்தனையும் போயிற்று. வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்பதுதானே அந்தப் புத்தகம்! பதிலுக்குப் புத்தகத்திலேயே இல்லாத ஒன்றைச் சேர்த்தார்கள். ரான் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். அடுத்த படத்தில் அதே வீடு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு நிற்கிறது, யார் கட்டினார்கள் என்று கேட்கக் கூடாது. கடைசியில் பள்ளிக்குள் நடக்கும் சண்டையும் இல்லை.

சித்தூர் எடிட்டர்:

சண்டையை எடுத்தது கடைசிப் படத்தில் அதே கட்டடத்தில் இன்னும் பெரிய போர் வருவதால். ஒரே மேடையில் இரண்டு முறை வாணவேடிக்கை விட்டால் இரண்டாவது நமத்துப்போகும். தீ வைத்ததற்கு என்னிடம் பதில் இல்லை. நடுவில் படம் தூங்குகிறது என்று யாரோ பயந்திருப்பார்கள்.

நகரி தறி:

இவ்வளவு நேரம் படத்தின் பக்கம் பேசினேன். இப்போது மாறப் போகிறேன், அம்மா கோபிக்கக் கூடாது.

எங்கள் பாரதத்தில் 18-ஆம் நாள் படுகளம். ஊருக்கு வெளியே திறந்த வெளியில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்திருப்பார்கள். ஆள் உயரம் இல்லை, வீடு நீளம் இருப்பான். பீமன் வேஷக்காரர் அவன் தொடையைப் பிளப்பார், திரௌபதி கூந்தலை முடிப்பாள். முதல் 17 நாள் வராதவனும் அன்றைக்கு வருவான். தறியை நிறுத்திவிட்டு வருவோம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாவி விழுவதை ஊர் முழுக்கக் கண்ணால் பார்க்க வேண்டும். அவமானம் சபையில் நடந்தது, கணக்கும் சபையில்தான் தீர வேண்டும்.

என் பெண் கடைசிப் புத்தகத்தின் முடிவை எனக்குப் படித்துக் காட்டியபோது படுகளம்தான் ஞாபகம் வந்தது. பெரிய மண்டபம், விடிகிற நேரம், உயிரோடு மிஞ்சிய எல்லாரும் சுவரோரம் நிற்கிறார்கள். நடுவில் இருவர் வட்டமடிக்கிறார்கள். அந்தப் பையன் வோல்டமார்ட்டை அவன் அம்மா வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். எங்கே ஏமாந்தாய் என்று ஒவ்வொன்றாக எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறான். அப்புறம் அவன் விட்ட மந்திரமே அவனைக் கொல்கிறது. சாதாரண மனிதன் மாதிரி தரையில் பிணமாக விழுகிறான். பேரைச் சொல்லக்கூட ஊரே பயந்த ஆள், கடைசியில் ஒரு கிழட்டு உடம்பு. அதை எல்லாரும் பார்க்கிறார்கள்.

படத்தில் என்ன? வெளி முற்றத்தில் இருவர் மட்டும். கட்டிப் புரண்டு கோபுரத்திலிருந்து விழுகிறார்கள், பறக்கிறார்கள். பிறகு அவன் எரிந்த காகிதம் மாதிரி துண்டு துண்டாகக் காற்றில் போகிறான். ஒரு சாட்சி இல்லை, பிணமும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அவன் செத்தான் என்று எப்படித் தெரியும்? பீமன் ஆள் இல்லாத சந்தில் துரியோதனனை அடித்துவிட்டு வந்து முடிந்தது என்றால் எங்கள் ஊரில் கூத்துக்காரரை விடுவார்களா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

நகரிக்காரரே, எழுந்து நின்று கைதட்டினேன். பேரன் என்ன ஆச்சு என்று ஓடி வந்தான்.

இங்கே என் பென்சில் கணக்கையும் சேர்க்கிறேன். ஏழாம் புத்தகம் 607 பக்கம், ஐந்தாவதைவிடச் சின்னது. அதற்கு இரண்டு படம், 146-உம் 130-உம், மொத்தம் 276 நிமிடம். நிமிடத்துக்கு இரண்டு பக்கம்கூட முழுசாக ஆகவில்லை என்று எழுத வந்தேன், கணக்குப் போட்டால் இரண்டு சொச்சம் வருகிறது. ஆக நேரம் தாராளமாக இருந்தது. முடிவும் முன்னாலேயே தெரியும். அப்படியும் பெரிய மாற்றம் அங்கேதான் நடந்திருக்கிறது. நேரம் இல்லை, கதை தெரியாது என்ற இரண்டு சாக்கும் அங்கே செல்லாது. நானே முதல் பதிவில் பக்கத்தையும் நிமிடத்தையும் வைத்துத்தான் கோபப்பட்டேன். கோபம் சரி, காரணம் தப்பு.

சித்தூர் எடிட்டர்:

இரண்டு பேரும் இரண்டு எல்லையிலிருந்து வந்து என்னை நடுவில் வைத்து நசுக்குகிறீர்கள்.

சரி. வோல்டமார்ட் சாவு தோல்விதான். அந்தப் பாகம் 3D-யில் வந்தது, துகள் பறந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கலாம். நானாக இருந்தால் மண்டபத்தில்தான் வைத்திருப்பேன். சுற்றி நிற்கிற முகங்களுக்கு எத்தனை கட் கிடைக்கும்!

ஆனால் அதே படத்தில் ஆசிரியர் ஸ்னேப்பின் நினைவுகள் இருக்கின்றன. புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க உரையாடலாக ஓடுவதை ஆலன் ரிக்மேன் முகத்தை வைத்துச் சில நிமிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஹாரியின் இறந்த அம்மா லில்லியை மடியில் போட்டுக்கொண்டு ஸ்னேப் கதறுவது புத்தகத்தில் கிடையாது. இருந்தாலும் எனக்கு அது வேண்டும். ரிக்மேனுக்கு மட்டும் ரௌலிங் கதையின் ரகசியத்தில் ஒரு துளியை முன்கூட்டியே சொல்லியிருந்தார். மற்றவர்கள் இருட்டில் நடித்தபோது அவர் தெரிந்து நடித்தார். முதல் படத்திலிருந்து திரும்பப் போட்டு அவர் கண்ணை மட்டும் பாருங்கள்.

மூணாறு எஸ்டேட்:

கண் என்று சொல்லிவிட்டீர்கள். ஹாரிக்கு அம்மாவின் பச்சைக் கண் என்று புத்தகங்களில் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஸ்னேப் சாகும்போது என்னைப் பார் என்பது அந்தக் கண்ணுக்காக. டேனியல் ராட்க்ளிஃபுக்குப் பச்சை லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டார்கள். அது போகட்டும், பாவம். ஆனால் அவருக்கு நீலக் கண். நினைவுகளில் வருகிற சின்ன லில்லிக்குப் பழுப்புக் கண்! உனக்கு அம்மாவின் கண் என்று படங்களில் சொல்லிவிட்டு, அம்மாவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் யாருமே பார்க்கவில்லையா?

சித்தூர் எடிட்டர்:

கலர் கரெக்‌ஷனில் பத்து நிமிட வேலை. இதற்கு நான் வாயே திறக்க மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்று தொலைக்காட்சித் தொடராக எடுக்கப் போவதாக 2023-இல் அறிவித்தார்களே. நேரம் கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்று போன வாரம் வரை நம்பினேன். இப்போது 276 நிமிடக் கணக்கைப் போட்ட பிறகு அந்த நம்பிக்கையும் ஆடுகிறது. முதல் படத்தில் பீவ்ஸ் என்ற குறும்புப் பேயை ரிக் மேயலை வைத்துப் படமே பிடித்துவிட்டு, பிறகு மொத்தமாக வெட்டி எறிந்தார்கள். கையைப் பிடித்து நடந்ததாக நான் புகழ்ந்த அதே படத்தில்தான்.

சித்தூர் எடிட்டர்:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும் மாஷே.

வேலந்தாவளம் டெம்போ:

மாஷே, எனக்குப் புத்தகம் படிக்க வேண்டும் போல இருக்கிறது. இங்கிலீஷ் ஓடாது. மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

முதல் புத்தகம் மலையாள மொழிபெயர்ப்பில் என்னிடம் இருக்கிறது. அட்டை கொஞ்சம் பிய்ந்திருக்கும். எப்போது இந்தப் பக்கம்?

வேலந்தாவளம் டெம்போ:

நாளைக்கே கொழிஞ்சாம்பாறை வழியாகத்தான் லோடு. வாசலில் ஹாரன் அடிக்கிறேன். இதில் டாபி வருமா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

இதில் வர மாட்டான். அடுத்ததில் வருவான்.

வேலந்தாவளம் டெம்போ:

நான்காவதில்?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

வருவான். சம்பளமே வாங்குவான். ஹாரன் மெதுவாக அடியுங்கள், பேரன் மத்தியானம் தூங்குவான்.